மஞ்சள் சட்டையும் எட்டாவது பேப்பரும்

"ஞாபகம் இல்லை" என்று மெக்கானிக் நான்காவது முறையாகச் சொன்னபோது, அந்த ஆள் மேல், அத்தைக்குக் கார் ஓட்டி வந்த மாப்பிள்ளைக்கு இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது.

ஓட்டலின் பின்பக்கக் கார் நிறுத்துமிடம். டீம் லாரியை ஒட்டி ஒரு தார்ப்பாய்ப் பந்தல். அதன் கீழே ஏழு சைக்கிள்கள் வரிசையாகத் தொங்கின. எட்டாவதை நடுவர் குழு நேற்றே தூக்கிக்கொண்டுபோய்ச் சீல் வைத்துவிட்டது. மெக்கானிக் ஒரு சங்கிலியை எண்ணெயில் முக்கி, பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே முகம் பார்க்கலாம் போலப் பளபளத்த சங்கிலி அது. இவ்வளவு சுத்தம் மடியில் கனம் உள்ளவனுக்குத்தான் தேவைப்படும் என்று மாப்பிள்ளை முடிவு கட்டினார்.

நடந்தது இதுதான். பத்து நாள் சைக்கிள் பந்தயம். தினம் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஓட்ட வேண்டும். எல்லா நாள் நேரத்தையும் கூட்டினால் யாருக்குக் குறைவோ, அவர் மஞ்சள் சட்டை போடுவார். ஆறு நாளாக அந்தச் சட்டை இந்த டீமின் தலைவன் உடம்பில்தான் இருந்தது. நேற்று ஏழாம் நாள், மலை ஏற்றம். அடிவாரத்தில் அவனுக்கு முன் சக்கரம் பஞ்சரானது. பின்னால் வந்த டீம் காரிலிருந்து மெக்கானிக் குதித்து, பன்னிரண்டு விநாடியில் சக்கரத்தை மாற்றி, முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டார். ஏறும்போது யாருக்கும் பிரேக் தேவைப்படவில்லை. உச்சி தாண்டி இறங்கிய முதல் வளைவில் மஞ்சள் சட்டை சைக்கிளோடு, சாலையோரம் பாதுகாப்புக்காக அடுக்கிய வைக்கோல் கட்டுகளில் போய் மோதியது. தோள்பட்டை எலும்பு ஒன்றும் விலா எலும்பு இரண்டும் முறிந்தன.

எடுத்துப் பார்த்தால் முன் பிரேக்கின் கொக்கி திறந்திருந்தது. சுண்டுவிரல் நுனி அளவுள்ள சமாச்சாரம் அது. சக்கரத்தைக் கழற்றும்போது அதைத் திறந்தால் பிரேக் கட்டைகள் விலகி வழிவிடும். மாட்டியதும் மூட வேண்டும். மூடாவிட்டால் பிரேக் இருந்தும் இல்லாத கதைதான்.

இன்று ஓய்வு நாள். மாலை நான்கு மணிக்கு நடுவர் குழு கூடுகிறது. மெக்கானிக்கின் உரிமத்தை ஆயுளுக்கும் ரத்து செய்வார்கள் என்று ஓட்டல் வரவேற்பறையில் இருந்த பெண்ணுக்குக்கூடத் தெரிந்திருந்தது. மறதி என்று சிலர் சொன்னார்கள். இரண்டாம் இடத்துக்காரனின் டீம் அவரை விலைக்கு வாங்கிவிட்டது என்று பலர் சொன்னார்கள். இதில் கொடுமை என்னவென்றால், விழுந்தவன் வேறு யாரோ அல்ல, மெக்கானிக்கின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி.

அந்த அக்காதான் அத்தையைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

அத்தை முப்பத்தொரு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் டிக்கெட் வாங்கினவர்கள், வாங்காதவர்கள் என்று இரண்டே ஜாதி மனிதர்கள்தான் உண்டு என்பது அவர் சித்தாந்தம். ஓய்வுக்குப் பிறகு ஊரார் பொய்களைப் பிடிப்பதையே தொழிலாக்கிக்கொண்டார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவருடைய மகளைக் கட்டிய மாப்பிள்ளைக்கோ, வாயை அடக்கத் தெரியாமல் மூன்று கம்பெனியில் வேலை போயிருந்தது. "எங்கம்மாவுக்குக் காராவது ஓட்டுங்க" என்று மனைவி அனுப்பிவைத்தாள். கார் ஒழுங்காக ஓடியது. வாயும் கூடவே ஓடியது.

"இருபத்திரண்டு வருஷமா சக்கரம் மாத்தறீங்க" என்றார் அத்தை மெக்கானிக்கிடம். "கொக்கிய மூடினீங்களா, இல்லையா?"

"ஞாபகம் இல்லைம்மா." ஐந்தாவது முறை.

இருவரும் பந்தலை விட்டு வெளியே வந்தார்கள்.

"அத்தை, இவர்கிட்ட காலைல என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டாலும் இதே பதில்தான் வரும். பேசாம சங்கிலியக் கேளுங்க, அதாச்சும் வாயத் திறக்கும்."

"சாப்பிட்டது மறக்கும் மாப்பிள்ளை. நீங்க கார விட்டு இறங்கினா கதவ மூடினது ஞாபகம் இருக்காது. ஆனா யாராவது கேட்டா என்ன சொல்வீங்க?"

"மூடினேன்னுதான் சொல்வேன். கை மூடியிருக்குமே."

"இவர் அப்படிச் சொல்லல. மூடலைன்னும் சொல்லல" என்று அத்தை முணுமுணுத்தார். "ரெண்டுல ஒண்ணு சொல்லாதவன் எதையோ கட்டிக் காக்கிறான்."

மாப்பிள்ளையின் சந்தேகப் பட்டியல் அதற்குள் ஒரு முழம் நீண்டிருந்தது. காலையில் எதிர் டீமின் ஆள் ஒருவன் இந்த லாரிப் பக்கம் வந்து காற்றடிக்கும் பம்பை இரவல் வாங்கிப் போனான். பம்பு இல்லாமலா ஒருவன் சைக்கிள் பந்தயத்துக்கு வருவான்? டீம் மானேஜர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் இரண்டு தடவை போனை எடுத்துப் பார்த்தார். சமையற்காரர் சிரித்தார். இந்த நிலைமையில் ஒருவன் சிரித்தால் அவனை எப்படி விடுவது?

காருக்குப் பக்கத்தில் அக்கா காத்திருந்தாள். கையில் ஆஸ்பத்திரி கொடுத்த பிளாஸ்டிக் பை. கண் சிவந்திருந்தாலும் பேச்சில் தடுமாற்றம் இல்லை. தம்பியை எட்டு வயதிலிருந்து வளர்த்தவள் அவள்தான். முதல் சைக்கிள் வாங்கிக்கொடுத்தவர் அவள் கணவர். அதைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தாள்.

"ஒருத்தர் புருஷன், ஒருத்தன் கூடப் பொறந்தவன். யார் பக்கம் நிக்கிறதுன்னு எனக்குத் தெரியலம்மா. உண்மை பக்கம் நிக்கலாம்னுதான் உங்களக் கூப்பிட்டேன்."

அத்தை பையை வாங்கி, உள்ளே இருந்ததைக் காரின் முன்மூடி மேல் விரித்தார். மஞ்சள் சட்டை. டாக்டர்கள் சட்டையின் இரண்டு கைகளையும் கத்தரித்துக் கழற்றியிருந்தார்கள். இடது தோளில் ரத்தமும் வைக்கோல் தூசும். பின் பையில் பாதி வாழைப்பழம் நசுங்கிக் கிடந்தது. முன்பக்க ஜிப்பை மட்டும் யாரும் தொட்ட மாதிரி தெரியவில்லை. அது வயிறு வரை இறங்கி நின்றது.

"இவங்க மலை இறங்கும்போது எப்படி இறங்குவாங்க?" என்று அத்தை கேட்டார்.

அக்கா சொன்னாள். ஏறும்போது வியர்வை கொட்டும், அதனால் ஜிப்பைத் திறந்துவிட்டுக்கொள்வார்கள். உச்சியில் டீமின் மசாஜ்காரர் செய்தித்தாளோடு நிற்பார். ஓடுகிற ஓட்டத்தில் ஆளுக்கு ஒன்று வாங்கி, சட்டைக்குள் நெஞ்சோடு சொருகி, ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு இறங்குவார்கள். நனைந்த உடம்போடு அந்த வேகத்தில் இறங்கினால் குளிர் நெஞ்சில் ஏறிவிடும். இத்தனை விஞ்ஞானம் வந்தும் பழைய பேப்பரை மிஞ்ச ஒன்றும் வரவில்லை.

"அப்போ பேப்பர் எங்கே?"

"ஆஸ்பத்திரில தூக்கிப் போட்டிருப்பாங்க."

அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். சட்டையின் உட்பக்கத்தைத் திருப்பினார். வியர்வை உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. வேறொன்றும் இல்லை.

"பேப்பரத் தூக்கிப் போட்டிருக்கலாம். மையத் தூக்கிப் போட முடியுமா? தொப்பலா நனைஞ்ச மஞ்சள் துணி. அச்சு மை ஒரு பொட்டாவது ஒட்டாம இருக்குமா?"

மாப்பிள்ளைக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் சிலிர்ப்பை வெளியே காட்டுவது அவர் வழக்கம் இல்லை. "படிக்காமலே வெச்சிருப்பான் அத்தை. படிச்சாத்தான் மை ஒட்டும்" என்றார்.

அத்தை ஓட்டலுக்குள் நடந்தார்.

மசாஜ்காரரின் அறை இரண்டாம் மாடி. கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டு நடுவில் மசாஜ் மேசை போட்டிருந்தார். குளியல் தொட்டி நிறையத் தண்ணீர் பாட்டில்கள் மிதந்தன. எண்ணெய் வாசனை மூக்கைத் துளைத்தது. உள்ளங்கை அகலமான மனிதர். அவர் கை குலுக்கியதில் மாப்பிள்ளை ஐந்து விரலையும் எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அத்தை முதலில் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார். பிறகு வேலை எப்படி, தூக்கம் எப்படி என்று விசாரித்தார். மசாஜ்காரர் மலர்ந்தார். உச்சியில் பேப்பர் கொடுப்பது கூட ஒரு கலை என்றார். விளையாட்டுப் பத்திரிகைதான் சரி, அது அகலம். தினம் காலையில் ஒன்பது வாங்குவாராம். ஓட்டுகிறவர்கள் எட்டுப் பேருக்கு எட்டு. ஒன்பதாவது தனக்கு, அதில் குறுக்கெழுத்துப் போடாமல் அவருக்குப் பொழுது நகராது. நேற்றும் கடைசி ஆள் மூச்சு வாங்கி ஏறி வரும்வரை முக்கால் மணி நேரம் குளிரில் காத்திருந்து கொடுத்தாராம்.

"எட்டுப் பேரும் வாங்கினாங்களா?"

"ஆமா. எட்டுப் பேரும்."

"மஞ்சள் சட்டையும்?"

"அவர்தானே முக்கியம்."

நல்ல சுருக்கமான பதில். ரொம்பச் சுருக்கம். அதுவரை நாலு வரி பேசிய மனிதர் திடீரென்று சிக்கனம் பிடித்தது மாப்பிள்ளைக்கே உறைத்தது. அத்தை நிதானமாக எழுந்து, ஜன்னலோரம் கிடந்த பத்திரிகையை எடுத்தார். நேற்றைய தேதி. குறுக்கெழுத்துக் கட்டங்கள் முக்கால்வாசி நிரம்பியிருந்தன. அதை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, மசாஜ் மேசையின் காலைப் பார்த்தார். ஒரு கால் குட்டையாக இருந்ததால் அதன் அடியில் காகிதம் மடித்து வைத்திருந்தது. குனிந்து இழுத்தார். மேசை ஒரு பக்கம் சாய்ந்தது.

அதுவும் நேற்றைய பத்திரிகைதான். நெஞ்சளவுக்கு நான்காக மடித்தது. குறுக்கெழுத்தில் ஓர் எழுத்துக்கூட இல்லை.

"எட்டுப் பயணி, ஒன்பது டிக்கெட்" என்றார் அத்தை. "உங்களுது ஒண்ணு மிச்சம் இருக்கணும். ரெண்டு இருக்கே."

மசாஜ்காரர் மேசை மேலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் கொட்டித் தீர்த்தார். மஞ்சள் சட்டை ஏறி வந்தபோது இவர் பேப்பரை நீட்டியிருக்கிறார். அவன் தலையை ஆட்டி வேண்டாம் என்று தாண்டிப் போய்விட்டான். பதினெட்டு கிலோமீட்டர் இறக்கம், அந்தக் குளிரில். விழுந்தான் என்று கேள்விப்பட்டதும், எங்கே எப்படி என்று இவர் விசாரிக்கவில்லை. கை விறைத்துத்தான் விழுந்தான், ஓடிப்போயாவது கொடுத்திருக்க வேண்டாமா என்று பழி தன் தலையில் விழும் என்று பயந்து, மேசைக்கு முட்டுக் கொடுத்துவிட்டார்.

"எனக்கும் மூணு பிள்ளைங்க இருக்கும்மா" என்றார். எல்லாப் பொய்க்கும் கடைசியில் பிள்ளைகள்தான் ஜாமீன்.

காரில் ஏறும்போது மணி இரண்டரை. அக்கா பின் இருக்கையில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னார் அத்தை. மாப்பிள்ளை உற்சாகமாக இருந்தார். கேஸ் முடிந்தது என்பது அவர் கட்சி. கை விறைத்தது, பிரேக்கைப் பிடிக்க முடியவில்லை, விழுந்தான். மெக்கானிக் தப்பித்தார்.

"கொக்கி திறந்திருந்ததே?" என்றார் அத்தை.

"அது... விழுந்த அதிர்ச்சில திறந்திருக்கும்."

"இரும்புக்கு அதிர்ச்சி வந்து பாத்ததில்ல." அத்தை வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார். "மாப்பிள்ளை, ரயில்ல ஒருத்தன் டிக்கெட் வாங்காம உக்காந்திருக்கான். ஏன்?"

"காசு இல்ல. இல்லேன்னா காசு நிறைய இருக்கு, மனசு இல்ல."

"மூணாவதா ஒருத்தன் உண்டு. வண்டி கிளம்பறதுக்குள்ள இறங்கிடப் போறவன்."

மாப்பிள்ளையின் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. பின்னால் வந்த வண்டிக்காரன் ஆரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். பதினெட்டு கிலோமீட்டர் இறங்கப்போகிறவனுக்குப் பேப்பர் வேண்டும், ஜிப்பும் மூட வேண்டும். உச்சியிலிருந்து இருநூறு மீட்டரில், முதல் வளைவிலேயே இறங்கிக்கொள்ளப் போகிறவனுக்கு எதற்கு?

கண்ணாடியில் அவர் அக்காவைப் பார்த்தார். அவளுக்கும் புரிந்துவிட்டது. அவள் அழவில்லை. பிளாஸ்டிக் பையைச் சின்னதாகச் சுருட்டி, இன்னும் சின்னதாகச் சுருட்டிக்கொண்டே வந்தாள். மாப்பிள்ளைக்கு அவளை நினைத்துப் பாவமாக இருந்தது.

மூன்றாம் மாடி, எலும்பு சிகிச்சைப் பிரிவு. கடைசி அறை. இடது கை கட்டுப் போட்டு மார்போடு சேர்த்திருந்தது. வலது கையில் சலைன் ஊசி. மேசை மேல் பூங்கொத்துகள், வாழ்த்து அட்டைகள், அன்றைய பத்திரிகைகள். எல்லாவற்றின் முதல் பக்கத்திலும் ரத்தத்தோடு மஞ்சள் சட்டை. "வீழ்ந்த சிங்கம்" என்று ஒன்றில் கொட்டை எழுத்து. முன்னால் போய் ஜெயித்தவன் உள்பக்கத்தில் ஒரு மூலையில் இருந்தான்.

அக்காவை வெளியே இருக்கச் சொன்னார் அத்தை. அவள் கேட்கவில்லை. கதவோரம் நின்றுகொண்டாள்.

அத்தை சுற்றி வளைக்கவில்லை. மடித்த பேப்பரை அவன் போர்வை மேல் வைத்தார். "நேத்து இத ஏன் வாங்கல தம்பி?"

குளிரவில்லை என்றான். அவசரம் என்றான். பார்க்கவே இல்லை என்றான். மூன்று பதில் சொன்னவனை அத்தை விட்டுவிடுவாரா? டிக்கெட் கேட்டால் பாக்கெட் பாக்கெட்டாகத் தடவுகிறவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தபடி நின்றார்.

கடைசியில் அவன் கூரையைப் பார்த்துச் சொன்னான். ஏறும்போதே முழங்கால் போய்விட்டது. ஐம்பது விநாடி முன்னிலை கரைந்து, உச்சியில் ஒன்றேகால் நிமிடம் பின்தங்கியிருந்தான். கேமரா வண்டிகள் எல்லாம் முன்னால் போனவனோடு போய்விட்டன. ஆறு நாளாக ஈ மாதிரி மொய்த்தவை, ஒன்றுகூட இல்லை.

"தோத்தவன ஒரு வாரத்துல மறந்துடுவாங்க. மஞ்சள் சட்டையோட விழுந்தவன மறக்க மாட்டாங்க. முதல் வளைவுல வைக்கோல் கட்டு இருக்குன்னு தெரியும். ஒரு சிராய்ப்பு போதும்னுதான் நினைச்சேன்."

"கொக்கி?"

"கை எட்டற இடம்தானே. நானே திறந்தேன். கீழ மாமா சக்கரம் மாத்தினது ஞாபகம் வந்துச்சு." போர்வை மேல் கிடந்த பேப்பரைப் பார்த்தான். "மெஷின் மேல பழி போகும்னு நினைச்சேன். ஆள் மேல போகும்னு நினைக்கல."

"மெஷினுக்கு ஏதுப்பா முகம்? மெக்கானிக்குத்தான் முகம்" என்றார் அத்தை. குரலில் கோபம் இருந்தது. அவர் அதை மறைக்கவும் இல்லை.

கதவோரம் இருந்து அக்கா முதல் தடவையாகப் பேசினாள். "மாமாகிட்ட சொன்னியா?"

"சொல்லத் தேவைப்படல. நேத்து சாயங்காலம் வந்தார். வலிக்குதான்னு கேட்டார். அப்புறம், கொக்கிய நான் மூடினேன்டா, எனக்கு நல்லா ஞாபகம் இருக்குன்னார். நான் பேசல. என் முகத்தையே பாத்தார். சரி, நீ தூங்கு, நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டுப் போயிட்டார்."

காலையிலிருந்து அந்த மனிதரை மனதுக்குள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்திருந்த மாப்பிள்ளைக்கு வெட்கமாக இருந்தது. ஐந்து முறை ஞாபகம் இல்லை என்று சொன்னாரே. இருபத்திரண்டு வருடத் தொழிலை மச்சினனுக்காக எண்ணெய்ச் சட்டியில் முக்கிவிட்டு, பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"அக்கா, மாமாவே ஒத்துக்கிட்டார்" என்று தம்பி இழுத்தான். "அவருக்கு வேற வேலை கிடைக்கும். கடை வெச்சுக் குடுக்கறேன். எனக்கு இது தவிர ஒண்ணும் இல்லக்கா. இது வெளிய வந்தா என் பேரச் சொல்லித் துப்புவாங்க."

சுவர்க் கடிகாரத்தில் மூன்று நாற்பது. அத்தை, தன் வேலை முடிந்துவிட்டது, மீதி இவர்கள் வீட்டு விஷயம் என்பது போல ஜன்னல் பக்கம் நகர்ந்து நின்றுகொண்டார்.

அக்கா கட்டிலருகே வந்தாள். மேசையிலிருந்த பத்திரிகைகளை எடுத்துத் தரையில் வைத்தாள். அவற்றுக்கடியில் இருந்த தம்பியின் போனை எடுத்தாள். நடுவர் குழுவின் எண்ணை அத்தையிடம் கேட்டு அழுத்தினாள். ஒரு கை கட்டுக்குள்ளும் ஒரு கை ஊசியிலும் இருந்ததால் அவனால் போனைப் பிடிக்க முடியாது. அவளே அவன் காதோடு சேர்த்துப் பிடித்தாள்.

"நீ தோத்துட்டு வந்திருந்தா சோறு போட்டுத் தூங்க வெச்சிருப்பேன்டா" என்றாள். "அவர விழ வெச்சுட்டு உன்னால எப்படித் தூங்க முடியுது? பேசு."

மறுமுனையில் மணி அடித்தது எல்லோருக்கும் கேட்டது. அவன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். அதில் திட்டு இல்லை, கெஞ்சலும் இல்லை. யாரோ எடுத்து, யார் பேசுவது என்று கேட்டார்கள்.

நாடு முழுக்கத் தெரிந்த பேர் அவனுக்கு. அதைச் சொல்லியிருந்தாலே போதும். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"மெக்கானிக்கோட மச்சினன் பேசறேன்" என்றான்.